படமாகாத திரைக்கதைக்கு ஒரு கணக்கு

முழுநீளத் திரைப்படங்களின் திரைக்கதையை அதன் தொடக்க நிலையிலேயே ஆதரிப்பதற்காகத் தரப்படும் நல்கைகளைப் பற்றி எனக்குள் ஒரு கருத்து நெடுநாளாக முரண்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த நல்கைகள் எதற்காக ஏற்படுத்தப்பட்டனவோ, அதற்கு நேர் எதிர்த் திசையில் அவற்றின் விதிமுறைகளே அவற்றை இழுத்துச் செல்கின்றன என்பதுதான் அது. தான் எழுதப்போகும் படம் என்னவென்று எழுதுபவருக்கே பிடிபடாத கட்டத்தில் கைகொடுக்க வேண்டிய பணம், படம் முழுவதும் கைவசம் இருப்பதாகக் காட்டிக்கொள்பவரைத் தேடிப் போகிறது. இதைச் சொல்பவர் நல்கை கிடைக்காதவராக இருந்தால் புலம்பல் என்று ஒதுக்கிவிடலாம். நான் அந்த வரிசையில் நின்றவன் அல்லன். அப்படிப்பட்ட ஒரு நிதிக்கு வந்து சேரும் விண்ணப்பங்களை முதற்சுற்றில் படித்து மதிப்பெண் இடுகிறவர்களுள் ஒருவன். என் கையெழுத்துப் போட்ட மதிப்பெண் தாள்களும் இந்தப் போக்கிற்குத் துணைபோகின்றன என்பதால்தான் இது என்னை விடாமல் அரிக்கிறது.

ஒரு விண்ணப்பத்தில் என்னவெல்லாம் இருக்கும் என்பது இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஒற்றை வரியில் கதை, ஒரு பக்கச் சுருக்கம், பத்துப் பதினைந்து பக்கங்களில் ட்ரீட்மென்ட், இயக்குநரின் குறிப்பு, முந்தைய படைப்புகள், கால அட்டவணை, செலவுத் திட்டம், தயாரிப்பாளர் இருந்தால் அவருடைய கடிதம். இயக்குநரின் குறிப்பு மூன்று கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும்: ஏன் இந்தக் கதை, ஏன் இப்போது, ஏன் நீங்கள். ஒரே பருவத்தில் இந்தக் குறிப்புகளை அடுக்கடுக்காகப் படிப்பவருக்கு ஒரு விசித்திரம் தட்டுப்படும். கதைகள் வேறு வேறாக இருக்கும், குறிப்புகள் மட்டும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். பெரும்பாலானவை ஒரு பாட்டியில் தொடங்கும். பாட்டி சொன்ன ஒரு வார்த்தை, பாட்டி மறைத்துவைத்திருந்த ஒரு புகைப்படம், அதிலிருந்து குடும்பம், குடும்பத்திலிருந்து தேசம், தேசத்திலிருந்து மானுடம் என்று நான்காவது பத்திக்குள் ஏணி ஏறி முடிந்திருக்கும். (எழுதப்படாத படங்களுக்காகப் பாட்டிகள் செய்திருக்கும் சேவையை யாராவது தனியாக ஆராய வேண்டும்.) இதற்கு விண்ணப்பதாரர்களைக் குறைசொல்வதில் நியாயமில்லை. எந்தக் குறிப்புத் தேறுகிறது என்பதை ஒருவரிடமிருந்து ஒருவர் கேட்டறிந்து அப்படியே எழுதுகிறார்கள். தேறவைப்பவர்கள் என்னைப் போன்றவர்கள்.

சிக்கலின் மையம் ட்ரீட்மென்ட். தொடக்கம் முதல் முடிவு வரை படத்தை உரைநடையில், நிகழ்காலத்தில், காட்சிகள் கண்முன் விரியும்படி சொல்ல வேண்டிய ஆவணம் அது. நல்ல ட்ரீட்மென்ட் எழுத வேண்டுமானால் திரைக்கதை எப்படிப் போகும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அது தெரிய வேண்டுமானால் எழுதிப் பார்த்திருக்க வேண்டும். எழுதிப் பார்ப்பதற்கான அவகாசத்தைத்தான் விண்ணப்பதாரர் கேட்கிறார். இந்த வட்டத்திலிருந்து வெளியேற நடைமுறையில் இரண்டு வழிகள் இருக்கின்றன. முழுத் திரைக்கதையையும் சொந்தச் செலவில் எழுதி முடித்துவிட்டு, அதைச் சுருக்கி ட்ரீட்மென்ட் ஆக்கி, இன்னும் எழுதத் தொடங்காதவர்போல அனுப்புவது ஒன்று. தெரியாத இடங்களை வழுவழுப்பான வாக்கியங்களால் மெழுகிவிடுவது இன்னொன்று. முதல் வகை, வெளியில் இருப்பவர்கள் நினைப்பதைவிட அதிகம். ஒன்பதாவது பக்கத்தில் ஒரு துணைப் பாத்திரம் கதவருகே நின்றுகொண்டு சட்டைப்பையில் எதையோ தேடுகிறது என்று இருக்கும், கால அட்டவணையிலோ முதல் வரைவுக்கு ஐந்து மாதம் என்று போட்டிருக்கும். சட்டைப்பை வரை தெரிந்தவருக்கு முதல் வரைவு ஏற்கெனவே மேசை இழுப்பறையில் இருக்கிறது என்பது படிக்கிறவருக்குப் புரியும். புரிந்தும் அதற்குத்தான் அதிக மதிப்பெண் போகும், ஏனென்றால் அது நன்றாக இருக்கும்.

ரசமட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்

இந்தக் கருத்தை வெறும் முணுமுணுப்பிலிருந்து திட்டமான ஒன்றாக மாற்றியது என் நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது. அவர் நான் படிக்கும் நிதிக்கு விண்ணப்பித்தவர் அல்லர். வேறொரு நிதியில், வேறு நடுவர்கள் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய கதை ஒரு சர்வேயரைப் பற்றியது. பேச்சுவார்த்தை அற்றுப்போன தன் அண்ணனின் நிலத்தை அளந்து எல்லை குறித்துத் தருமாறு அவருக்கு உத்தரவு வருகிறது. அளவில் ஒரு பிழை, அதை மறைப்பதா சொல்வதா என்ற திண்டாட்டம், கடைசியில் எல்லைக்கல்லின் இருபுறமும் நின்று இருவரும் பேசும் ஒரு நீண்ட காட்சி. ட்ரீட்மென்ட் கச்சிதமாக இருந்தது. நானே படித்துப் பார்த்து, இது தேறும் என்று சொன்னேன். தேறியது.

முதல் தவணை கைக்கு வந்ததும் அவர் செய்த வேலை, நல்கை என்பது எதற்காக என்று கேட்டால் நான் சுட்டிக்காட்டக்கூடிய வேலை. ஒரு நில அளவைக் குழுவோடு நாள் முழுக்க வெயிலில் அலைந்தார். இப்போது அளப்பதற்கு டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். முக்காலியின்மேல் நிறுத்திய அந்தக் கருவிக்குப் பின்னால் சர்வேயர் நிற்பார். தொலைவில், அளக்க வேண்டிய புள்ளியில், உச்சியில் ஒரு ப்ரிஸம் பொருத்திய கோலைப் பிடித்துக்கொண்டு உதவியாளர் நிற்பார். கோலின் நடுவில் காசளவுக்கு ஒரு ரசமட்டம் இருக்கும். அதிலுள்ள குமிழி வட்டத்துக்குள் அசையாமல் நிற்கும்வரை கோல் செங்குத்தாக இருக்கிறது என்று பொருள். கருவிக்குப் பின்னால் நிற்பவர் நிலம் முழுவதையும் பார்க்கிறார். கோலைப் பிடித்திருப்பவர் அந்தக் குமிழியை மட்டும் பார்க்கிறார். அவர் நிமிர்ந்தால் கோல் சாயும், கோல் சாய்ந்தால் அளவு பிசகும். இருவருக்கும் இடையே கூப்பிட்டால் கேட்காத தூரம், ஆகையால் கைச்சைகையில்தான் பேச்சு. இப்படியே பல ஆண்டுகள் சேர்ந்து வேலை செய்த இருவரை என் நண்பர் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருடைய அண்ணன் தம்பிக் கதை வற்றத் தொடங்கியது.

முதல் வரைவில் அண்ணன் இருந்தார், ஆனால் அவர் பேசிய ஒவ்வொரு வசனமும் ட்ரீட்மென்டிலிருந்து எடுத்து ஒட்டியதாகத் தெரிந்தது. கோல் பிடிப்பவருக்கு அவர் ஒதுக்கியிருந்தது மூன்றே காட்சிகள். அந்த மூன்றும் உயிரோடு இருந்தன. தம்மைத் தேடி அலுவலகத்துக்கு வந்தவரிடம், நிலத்தின் சொந்தக்காரர் முகம் தமக்கு நினைவில்லை, அன்று குமிழி நடுவில் நின்றது மட்டும் நினைவிருக்கிறது என்று கோல் பிடிப்பவர் சொல்லும் ஒரு காட்சி வரும். அதை எனக்குப் படித்துக் காட்டியபோது படம் இதுதான் என்று இருவருக்குமே தோன்றியது. ஆகவே இரண்டாம் வரைவில் கோல் பிடிப்பவரை நடுவில் நிறுத்தி, அண்ணனை ஓரங்கட்டி எழுதினார். நிதியமைப்பின் ஒருங்கிணைப்பாளரிடமிருந்து, ஒப்புக்கொள்ளப்பட்ட ட்ரீட்மென்டிலிருந்து கதை விலகியிருப்பதற்கு விளக்கம் கேட்டு ஒரு மின்னஞ்சல் வந்தது. மரியாதையான மின்னஞ்சல்தான். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பிரிவு இருக்கிறது, கேட்க வேண்டியது அவருடைய கடமை. விளக்கம் எழுதிக்கொடுத்தார், ஏற்றுக்கொள்ளப்பட்டது.

சிக்கல் அதற்குப் பிறகு வந்தது. இரண்டாம் வரைவு முப்பத்தைந்து பக்கங்கள்வரை விட்டுவிடாமல் இழுத்துச் சென்றது. அதன்பின் அசைய மறுத்தது. திரைக்கதை ஆலோசகர் ஒருவரோடு இரண்டு அமர்வுகளுக்கு நல்கையில் இடமிருந்தது. அவர் கைதேர்ந்தவர். ஒரு மகளைக் கொண்டுவரலாம், ஒரு வழக்கைக் கொண்டுவரலாம், கோல் பிடிப்பவர் வேலையை இழக்கும் கட்டத்தை முன்னுக்கு நகர்த்தலாம் என்று வழிகள் சொன்னார். என் நண்பர் மகளையும் எழுதிப் பார்த்தார், வழக்கையும் எழுதிப் பார்த்தார். எழுபதாம் பக்கத்தை எட்டும்போது, முதல் முப்பத்தைந்து பக்கங்களில் இருந்த மனிதர் காணாமற்போய் அவருடைய பெயரில் வேறு யாரோ நடமாடிக்கொண்டிருந்தார். நல்கைக் காலம் முடியும் தறுவாயில் அவர் ஒரு முடிவுக்கு வந்தார்: இது முழுநீளப் படத்துக்கான கதையன்று. அரைமணி நேரப் படமாக நிற்கும், அதற்குமேல் இழுத்தால் கிழியும்.

இறுதி அறிக்கையில் இதை அப்படியே எழுதினார். அறிக்கைப் படிவத்தின் முதற்பக்கத்தில் குறியிட வேண்டிய மூன்று கட்டங்கள் இருந்தன. திரைக்கதை முடிந்தது, தயாரிப்புக்கான நிதி திரட்டப்படுகிறது. திரைக்கதை முடிந்தது, தயாரிப்பாளரைத் தேடுகிறோம். திரைக்கதை இன்னும் வளர்ச்சி நிலையில் உள்ளது. அதற்குக் கீழே, படப்பிடிப்பு தொடங்கும் உத்தேசத் தேதி என்று ஒரு கட்டாயப் புலம். அதை வெற்றாக விட்டால் படிவம் அடுத்த பக்கத்துக்கு நகராது. அவர் எந்தக் கட்டத்தையும் தேர்ந்தெடுக்காமல், தாம் எழுதிய இரு பக்க விளக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பினார். என்ன எழுதினார், எங்கே நின்றது, ஏன் நின்றது, எந்த முப்பத்தைந்து பக்கங்கள் நிற்கும், அந்தக் கதையில் ஏன் மகளுக்கு இடமில்லை. திரைக்கதை எழுதுவதைப் பற்றி நான் அண்மையில் படித்தவற்றுள் அந்த இரண்டு பக்கங்களுக்கு இணையாக எதையும் சொல்ல மாட்டேன். பதில் வந்தது: விளக்கத்துக்கு நன்றி, கணக்கு முடிக்க வசதியாகத் தயவுசெய்து மூன்றாவது கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, உத்தேசமாக ஒரு தேதியையும் குறிப்பிடுங்கள். குறிப்பிட்டார். கடைசித் தவணை வந்து சேர்ந்தது. அந்த நிதியின் திட்டப் பட்டியலில் அவருடைய படம் வளர்ச்சி நிலையில் இருப்பதாக இன்றும் போட்டிருக்கிறது.

அவருக்கு இதில் வருத்தம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் உறுத்தியது. பொதுப்பணம் கொண்டு செய்யத்தக்க மிக நல்ல காரியங்களுள் ஒன்று, எடுத்தால் நீர்த்துப்போகக்கூடிய ஒரு படத்தை எடுக்காமல் தடுப்பது. அதைத் திரைக்கதைக் கட்டத்தில் செய்வதுபோல் மலிவாக வேறெந்தக் கட்டத்திலும் செய்ய முடியாது. நடிகர்களை ஒப்பந்தம் செய்து, இடம் பார்த்து, குழுவைச் சேர்த்த பிறகு கதை நிற்காது என்று தெரிந்தால் அதைச் சொல்லும் துணிவு எவருக்கும் வராது, வந்தாலும் செலவு செலவுதான். இங்கே ஒருவர் சொற்பத் தொகையில், உரிய காலத்தில், காரணகாரியத்தோடு அந்த வேலையைச் செய்து முடித்திருக்கிறார். அதை ஏற்றுக்கொள்ள அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை.

யாருக்கு, எந்தக் கட்டத்தில்

படிவத்தில் கட்டம் இல்லாமற்போனது எவருடைய கவனக்குறைவும் அன்று. ஒரு நிதியமைப்பு தன் பயனைத் தனக்குப் பணம் தருபவர்களுக்கு மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் உதவிய திரைக்கதைகளுள் இத்தனை படங்களாயின, இத்தனை விழாக்களுக்குப் போயின என்பதைவிட எளிதில் காட்டக்கூடிய சான்று வேறில்லை. அந்தக் கணக்கு நன்றாக இருக்க வேண்டுமானால் படமாகக்கூடியவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படமாகக்கூடியது என்பதற்கு அடையாளம், கூடவே ஒரு தயாரிப்பாளர், முந்தைய படம், வேறொரு நிதியின் ஆதரவு, வழுவழுப்பான ட்ரீட்மென்ட். இவ்வாறாகத் தொடக்க நிலைக்கென்று ஒதுக்கிய பணம் ஆண்டுக்கு ஆண்டு சற்றே நகர்ந்து, ஏற்கெனவே பாதி வழி வந்துவிட்டவர்களைப் போய்ச் சேர்கிறது. இதில் சதி எதுவும் இல்லை, ஒவ்வொரு விதியும் தனித்தனியே நியாயமானதுதான்.

ஐரோப்பிய ஒன்றியம் திரைத்துறைக்கென நடத்தும் கிரியேட்டிவ் யூரோப் மீடியா திட்டத்தின் வளர்ச்சி நிதியை, அதாவது படப்பிடிப்புக்கு முந்தைய பணிகளுக்கான நிதியை, எடுத்துக்கொள்வோம். அதற்கு எழுத்தாளர் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. சுயாதீனத் தயாரிப்பு நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் முன்பு ஒரு படைப்பைத் தயாரித்து வெளியிட்ட அனுபவம் உள்ள நிறுவனம். விண்ணப்பித்த பிறகு குறிப்பிட்ட மாதங்கள் கழியும்வரை படப்பிடிப்பைத் தொடங்கக் கூடாது என்றும் விதி உண்டு. எடுக்கத் தயாராக இருக்கும் படத்துக்கு வளர்ச்சி என்ற பெயரில் பணம் வாங்கும் தந்திரம் தெரிந்தவர்கள்தான் இதை எழுதியிருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு, ஆனால் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும் எழுத்தாளருக்கு அதில் வாசல் இல்லை. பிரான்சின் தேசியத் திரைப்பட அமைப்பான சிஎன்சி எழுதுவதற்கு ஓர் உதவி, எழுதியதைத் திருத்தி எழுதுவதற்கு வேறோர் உதவி என்று பிரித்து வைத்திருக்கிறது. திருத்தி எழுதுவது தனி உழைப்பு, அதற்குத் தனிக் கூலி உண்டு என்று ஓர் அரசு நிறுவனம் ஏட்டில் எழுதிவைத்திருப்பதே எனக்குப் பெரிய ஆறுதல்.

சிறிய தொகையை நேரடியாகப் படைப்பாளியின் பெயருக்கே கொடுக்கும் மரபில் அதிகம் பேசப்படுவது நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் ஹ்யூபர்ட் பால்ஸ் நிதி. விழாவை நிறுவியவரான ஹ்யூபர்ட் பால்ஸ் 1988-இல் இறந்தபின் அவர் பெயரைத் தாங்கி இயங்கி வருவது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க, மத்தியக் கிழக்கு நாடுகளின் இயக்குநர்களுக்குத் திரைக்கதை வளர்ச்சிக்கென 10,000 யூரோ வரை கொடுத்துவந்திருக்கிறது. தென்கொரியாவின் பூசான் திரைப்பட விழாவோடு இணைந்த ஆசிய சினிமா நிதியும் திரைக்கதைக்கென்று தனிப்பிரிவு வைத்திருந்தது. 10,000 யூரோ என்பது ஒருவர் ஓராண்டு வேறு வேலை பார்க்காமல் இருக்கப் பல நாடுகளில் போதாது, சில நாடுகளில் தாராளமாகப் போதும். ஒரே தொகை இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவு காலமாக மாறுகிறது என்பதை நல்கைகளைப் பற்றிய பேச்சில் எவரும் சேர்ப்பதில்லை. விண்ணப்பதாரர் வாங்குவது காலத்தைத்தான்.

இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, பணத்துக்குப் பதிலாகக் காலத்தையும் இடத்தையும் முதன்மையாகக் கொடுக்கும் ஏற்பாடுகளும் இருக்கின்றன. கான் திரைப்பட விழா 2000-ஆம் ஆண்டிலிருந்து பாரிஸில் நடத்திவரும் ரெசிடென்ஸ் அப்படிப்பட்டது. முதல் அல்லது இரண்டாவது முழுநீளப் படத்தை எழுதுகிறவர்களை, ஒரு சுற்றுக்கு ஆறு பேர் என்ற கணக்கில், நாலரை மாதங்கள் தங்கவைத்து எழுதவிடுவார்கள். இந்திய இயக்குநர் பாயல் கபாடியா 2019-இல் அங்கே இருந்து எழுதிய திரைக்கதை, ஹ்யூபர்ட் பால்ஸ் நிதியின் உதவியும் பெற்றது, 2024-இல் படமாகக் கானில் கிராண்ட் ப்ரீ விருதை வாங்கியது. இடையில் அவர் ஓர் ஆவணப்படத்தை முடித்து 2021-இல் அதற்கும் அங்கே விருது வாங்கிவிட்டார். இந்த வரிசையில் 2021-இன் இறுதியில் ஒரு கணக்குத் தணிக்கையாளர் வந்து, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நீங்கள் ஆதரித்த அந்தத் திரைக்கதை என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? வளர்ச்சி நிலையில் உள்ளது. என் நண்பரின் படத்துக்குப் பட்டியலில் இருப்பதும் அதே சொற்றொடர்தான். ஒன்று ஐந்தாண்டுகளில் பழுத்தது, மற்றொன்று முடிந்துவிட்டது, இரண்டையும் ஏடு பிரித்தறியாது.

ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அமெரிக்க அகாடமி 1986 முதல் நடத்திவரும் நிக்கல் ஃபெலோஷிப்பில் எனக்குப் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. முழுமையாக எழுதி முடித்த திரைக்கதையை வைத்துத்தான் தேர்வு. தேர்வானவர்களுக்கு 35,000 டாலர், மொத்தமாக அல்லாமல் தவணைகளில். ஆனால் அந்தப் பணம் தேர்வான திரைக்கதைக்காக அன்று, அடுத்த ஓராண்டுக்குள் அவர்கள் புதிதாக எழுத வேண்டிய இன்னொரு திரைக்கதைக்காக. அந்தப் புதிய கதை என்னவென்று முன்கூட்டியே விவரித்து வாதாட வேண்டிய தேவை பெரிதாக இல்லை. இவருக்கு எழுதத் தெரியும் என்பது நிரூபணமாகிவிட்டது, இனி எதை எழுதுகிறாரோ எழுதட்டும் என்பது அதன் உட்கிடக்கை. எழுதி முடித்த ஒன்றை எழுதாததுபோல் பாவனை செய்து அனுப்பும் வேலை இங்கே தேவைப்படாது. குறையும் உண்டு: முதல் திரைக்கதையைத் தன் செலவில் எழுதிவிட முடிந்தவர்களுக்கு மட்டுமே கதவு திறக்கும். அந்த வசதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை, வாய்க்காதவர்களுக்காகத்தான் தொடக்க நிலை நல்கை என்ற ஒன்றே ஏற்பட்டது.

நல்கையாகத் தராமல் கடனாகத் தந்த அமைப்புகள் இந்த விஷயத்தில் இன்னும் நேர்மையாக இருந்தன என்று நான் சொன்னால் எழுத்தாளர்கள் என்மேல் கல்லெறியக்கூடும். 1980-களின் இறுதியில், அன்றைய மீடியா திட்டத்தின் கீழ் லண்டனை இருப்பிடமாகக் கொண்டு செயல்பட்ட ஐரோப்பிய ஸ்கிரிப்ட் நிதி கடன்தான் கொடுத்தது. படம் தயாரிப்புக்குப் போனால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், போகாவிட்டால் கடன் அத்தோடு சரி. முதன்மைப் படப்பிடிப்பின் முதல் நாளன்று வளர்ச்சிப் பணத்தைத் திருப்பிச் செலுத்துவது என்ற இந்த ஏற்பாடு பிரிட்டனில் பின்னாளில் வந்த நிதிகளிலும் தொடர்ந்தது. திரைக்கதைகளுள் பெரும்பகுதி படமாகாது என்பதை இந்தச் சூத்திரம் கணக்கேட்டுக்குள்ளேயே கொண்டுவந்துவிடுகிறது. படமாகாதது வாராக்கடன். வாராக்கடன் என்று ஒரு பத்தி ஏட்டில் இருந்தால், அதில் ஒன்று விழுவது எவருக்கும் அவமானமில்லை. நல்கையில் அந்தப் பத்தி இல்லாததால் எல்லாம் முடிவில்லாமல் வளர்ந்துகொண்டே இருக்க நேர்கிறது. அதற்காக நல்கைகளைக் கடனாக மாற்றச் சொல்லவில்லை. கடன் என்ற சொல்லுக்கே அஞ்சி ஒதுங்கிவிடுகிறவர்களிடம் சில நேரம் மிக நல்ல கதைகள் இருக்கின்றன.

தவணைகள், கூடத்தின் கடைசி நாள்

தொகையைவிடத் தொகை எப்போது வருகிறது என்பது எழுத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஒரு பகுதி, வரைவை ஒப்படைத்ததும் ஒரு பகுதி, இறுதி அறிக்கைக்குப் பின் மிச்சம் என்பது பரவலான முறை. முதற்பகுதி சிறியதாக இருந்தால், எழுதும் காலத்தை எழுத்தாளரே கடன்வாங்கிச் சமாளித்துவிட்டு, எழுதி முடித்த பின் அந்தப் பணத்தால் கடனை அடைக்கிறார். ஏட்டின்படி அவர் ஆதரிக்கப்பட்டார். உண்மையில் அவர்தான் நிதியமைப்புக்கு முன்பணம் கொடுத்திருக்கிறார். என் நண்பருக்கு முதல் தவணை பெரியதாக இருந்தது. நில அளவைக் குழுவோடு அலைய முடிந்தது அதனால்தான். வரைவைக் கொடுத்தால்தான் பணம் என்றிருந்தால் அண்ணன் தம்பிக் கதையைப் பத்து வாரத்தில் எழுதிக் கொடுத்திருப்பார், அது ஒருவேளை படமாகவும் ஆகியிருக்கும்.

எழுதுபவர்கள் சில நாட்கள் கூடித் தங்கள் கதையை மூத்தவர்களோடு அலசும் திரைக்கதைக் கூடங்களிலும் இதே இழுபறி வேறு வடிவத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1981-இல் தொடங்கிய சன்டான்ஸ் கூடங்களும், இத்தாலியில் 2008-இலிருந்து நடக்கும் டொரினோ ஃபிலிம் லேபும், இந்தியாவில் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் (என்எஃப்டிசி) 2007 முதல் நடத்திவந்த திரைக்கதையாளர் கூடமும், அனுபவமுள்ள ஒருவர் எதிரில் உட்கார்ந்து உங்கள் கதையை உங்களைவிடக் கவனமாகப் படிக்கிறார் என்ற அரிய அனுபவத்தைத் தந்திருக்கின்றன. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இன்று உலகெங்கும் முளைத்திருக்கும் கூடங்களில் பலவற்றின் கடைசி நாள், தயாரிப்பாளர்கள் முன்னால் சில நிமிடங்களில் கதையைச் சொல்லி அவர்களைக் கவரும் நிகழ்ச்சியாக அமைந்துவிட்டது. ஐந்து நாட்கள் கதையைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஆறாம் நாள் காலையில் அது பிரிந்து கிடக்கவில்லை என்று மேடையில் நின்று சொல்ல வேண்டும். இரண்டாம் நாளே அந்த மேடைக்கான வாக்கியங்களைத் தயார்செய்யத் தொடங்கிவிடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். பிழைக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

இனி மதிப்பெண் தாள். நான் நிரப்பும் தாளில் கதையின் தனித்தன்மை, காட்சிமொழி, குழுவின் தகுதி, சாத்தியப்பாடு என்று பத்திகள் உண்டு. சென்ற சுற்றில் ஒரு விண்ணப்பம் வந்தது. ட்ரீட்மென்ட் ஆறே பக்கங்கள். நான்காம் பக்கத்தின் நடுவில், இதற்கு மேல் இந்தப் பெண் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியாது, இரண்டு சாத்தியங்கள் தெரிகின்றன, இரண்டுமே எனக்குப் பொய்யாகப் படுகின்றன, அந்த இடத்தில் எழுதிப் பார்க்கத்தான் இந்த நல்கையைக் கேட்கிறேன் என்று எழுதியிருந்தார். சாத்தியப்பாடு என்ற பத்தியில் அதற்கு என்ன போடுவது? விதியைப் பார்த்தால் குறைந்த மதிப்பெண்தான். நான் முழு மதிப்பெண் போட்டேன். கூடிப் பேசும்போது சக வாசகர் ஒருவர், முடிவு தெரியாதவரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டு அவர் முடிவே எழுதாமல் வந்து நின்றால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அவர் இத்துறையில் என்னைவிட நீண்ட அனுபவமுள்ளவர். கைவிடப்பட்ட திரைக்கதைகளின் அடுக்குகளைப் பார்த்திருப்பவர், தெரியாது என்று சொல்வதையே ஒரு பாணியாக்கிக்கொண்டு வருபவர்களையும் பார்த்திருப்பவர். அவருடைய அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. இது தேறும் என்று தெரிந்துவிட்டால் அடுத்த ஆண்டே எல்லா ட்ரீட்மென்டும் நான்காம் பக்கத்தில் அழகாகத் தயங்கும், பாட்டிகளுக்கு நேர்ந்ததே தயக்கத்துக்கும் நேரும்.

அன்று அந்த விண்ணப்பம் இரண்டாம் சுற்றுக்குப் போயிற்று, அதற்குமேல் போகவில்லை. ஆனால் நண்பரின் இரு பக்க அறிக்கையை, அவருடைய அனுமதியோடு, பெயர்களை நீக்கிவிட்டு அந்தக் கூட்டத்தில் படிக்கக் கொடுத்திருந்தேன். அதன் பயனாக, நான் படிக்கும் நிதியின் இறுதி அறிக்கைப் படிவத்தில் நான்காவதாக ஒரு கட்டம் சேர்ப்பது என்று கொள்கையளவில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: இந்தக் கதை முழுநீளப் படமாகாது என்று எழுதிப் பார்த்து முடிவு செய்யப்பட்டது. அதைத் தேர்ந்தெடுப்பவர் காரணத்தை விரிவாக எழுத வேண்டும், கடைசித் தவணை தடையின்றி வரும். என் சக வாசகர் ஒரு நிபந்தனை விதித்தார். அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்தவர் அடுத்த கதையோடு மீண்டும் விண்ணப்பிக்கும்போது, முன்பு எழுதிய அந்தக் காரண விளக்கத்தையும் ட்ரீட்மென்டோடு சேர்த்து நடுவர்கள் படிக்க வேண்டும் என்றார். தண்டனையாகவா என்று கேட்டேன். தகுதிச் சான்றாக என்றார். அந்த வாசகம் விதிமுறையில் எப்படி இடம்பெற வேண்டும் என்பதை இருவரும் சேர்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறோம். பணம் தருபவர்களுக்குப் போகும் ஆண்டறிக்கையில் அந்த எண்ணிக்கையை எந்தத் தலைப்பின்கீழ் காட்டுவது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.